மழை விட்டதும் வரும் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் வாயாடி எழுதுகிறேன். நீ நலமாக இருப்பது, மலைக்கு வாங்கிய புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் மாவு பிசையும் படத்திலேயே தெரிந்துவிட்டது. காலைக் கடிக்காமல் இருக்க இப்போதே பழக்குகிறாயாம். உன் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, ‘அத்தையைப் பார்த்து மலைதான் பயப்படணும்’ என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே பார்சல் கிடங்கில் எல்லாம் அப்படியேதான். என்னை மட்டும் பெட்டி தூக்கும் பக்கத்திலிருந்து ஸ்டிக்கர் ஒட்டும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். உட்கார்ந்த வேலை. நானே கேட்டு வாங்கியது.

மலையேற எந்த மாதம் நல்லது என்று வருடத் தொடக்கத்தில் என்னைத்தான் கேட்டாய். நானும் பெரிய மேதாவி மாதிரி நாலு பேரை விசாரித்து, மழை விட்டதும் வரும் மாதம்தான், பாதை காய்ந்திருக்கும், சிகரம் முழுசாகத் தெரியும் என்று அடித்துச் சொன்னேன். நீயும் உன் டிக்கெட் கவுன்டர் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பதிவு செய்துவிட்டாய். காலமெல்லாம் கவுன்டருக்குள் உட்கார்ந்து ஊரையே அனுப்பிவைத்தவள், இப்போதுதான் கிளம்புகிறாய்.

அந்த மாதம் வேண்டாம் அம்மா.

போன வாரம் போனில், மழை நீடிக்குமாம், பாறை வழுக்குமாம், கூட்டம் அம்முமாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ‘நீதானேடி அதுதான் நல்ல மாசம்னு சொன்னே, இப்போ நீயே குட்டையைக் குழப்புறியே’ என்றாய். கேட்டது நியாயம்தான். நான் சொன்னதெல்லாம் சாக்கு. எனக்கு அந்த மாதம்தான் டாக்டர் நாள் குறித்திருக்கிறார். இது ஐந்தாவது மாதம். போனில் சொல்லியிருந்தால் வார்த்தைக்கு முன்னால் அழுகை வந்திருக்கும், அதனால்தான் கடிதம்.

பெற்றவளிடமே மறைத்துவிட்டாளே என்று கோபப்படாதே. போன முறை மூன்று மாதம் முடிந்ததுமே சொன்னோம். நீ தெரு முழுக்கச் சொல்லிப் பூரித்துப்போனாய், பார்த்தவர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். அடுத்த வாரமே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சொன்னதால் அப்படி ஆகவில்லை என்று புத்திக்குத் தெரியும், மனசுதான் கேட்க மாட்டேன் என்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இப்போதும் ஒவ்வொரு தடவை கழிவறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டதும், ரத்தம் பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். வயிற்றில் அசைந்தால் ஏன் இப்படி அசைகிறது என்று பயம், அசையாவிட்டால் அதைவிடப் பயம். இவரிடம் சொன்னால், ‘எல்லாம் சரியா இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே’ என்கிறார். சொல்லிவிட்டு, தேய்த்து வைத்த குக்கரையே எடுத்து மறுபடி தேய்க்கிறார்.

மலையில் ஏறிவிட்டால் ஒரு வாரத்துக்கு உனக்குப் போன் கிடைக்காது என்றாய். அந்த வாரத்தில் எனக்கு வலி எடுத்தால்? போன முறை மாதிரி ஏதாவது ஆகிவிட்டால்? நான் யாரை அம்மா கூப்பிடுவேன்?

போகவே போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் இந்த மலையைத் தள்ளித் தள்ளி வைத்தவள் நீ. நானும் அதையே கேட்கிறேனே என்று வெட்கமாக இருக்கிறது. ஆனால் பனி உருகும் மாதமும் நல்ல மாதம்தான். சரிவு முழுக்கப் பூவாக இருக்குமாம். குளிர் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், நல்ல ஸ்வெட்டர் நான் வாங்கித் தருகிறேன். இது சாக்கு இல்லை, சத்தியமாக விசாரித்துவிட்டேன். அடுத்த வருடம் அப்போது போய் வா. தோழிகளிடம் மட்டும் காரணத்தைச் சொல்லிவிடாதே. முழங்கால் வலி என்று சொல். உன் முழங்காலைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

பதில் போடும்போது வாழ்த்தி எழுதிவிடாதே அம்மா. ஒரு வார்த்தைகூட வேண்டாம். எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது.

உன் மகள்