சின்னக் குழாயின் சிவப்பு மூடி

வடக்குப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சுகப்பிரியாவுக்கு,

நீ குடியிருந்த வீட்டுக்கார அக்கா லூர்தம்மாள் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். சாத்தூரில் நீயும் அம்மாவும் நலமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். எத்தனை தடவை போன் அடித்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய். இனிமேல் எந்தக் கருவியையும் தொடமாட்டேன் என்று தீப்பெட்டி ஆபீசில் வேலை கேட்கிறாயாம், உன் அம்மா சொல்லி வருத்தப்பட்டார்கள். நல்லா இருக்கிறதடி உன் நியாயம்!

முதலில் நல்ல செய்தி. டயர் எரித்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்கள். ஷாரோனுக்கு மூச்சிழுப்பு குறைந்திருக்கிறது. நேற்று டியூஷனுக்கு சைக்கிளிலேயே போனாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற அவள் அப்பா பாபு, "அந்தப் பொண்ணு மட்டும் வாய மூடிக்கினு இருந்திருந்தா நம்ம புள்ள கதி இன்னா ஆயிருக்கும்?" என்றார். நான் உள்ளே போய் அழுதுவிட்டேன்.

அன்று கூட்டத்தில் நடந்தது உனக்குத் தலைகுனிவு. எங்களுக்கு அப்படி இல்லை. நீயும் உன் ஆபீஸ் ஆட்களும் விமானத்தின் இறக்கையில் குழாய்களை மாட்டி, நம் ஊருக்கு மேலே பறக்கவிட்டு, காற்றில் இருக்கும் தூசி எந்த அளவு என்று பார்த்தீர்கள். பெரிய தூசி என்றால் லாரி கிளப்புகிற மண், கண்ணுக்கே தெரியாத பொடி என்றால் எரித்த புகை என்று நீதான் எனக்குப் புரியவைத்தாய். பஞ்சாயத்து ஆபீஸ் கூட்டத்தில், மண் தூசிதான் இருக்கிறது, பொடி இல்லவே இல்லை என்று உன் பெரிய சார் வாசித்ததும் கம்பெனிக்காரர்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு!

அப்போதுதான் நீ எழுந்தாய். பொடியை அளக்கிற சின்னக் குழாயின் சிவப்பு மூடியைக் கழற்றாமலே விமானத்தை அனுப்பிவிட்டேன், திரும்பி வந்தபின் மூடி போடப் போனால் அது மாட்டியே இருந்தது, பயந்துபோய்ச் சொல்லாமல் இருந்துவிட்டேன், இந்தக் கணக்கு செல்லாது என்றாய். நீ சொல்லாவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்குமா?

உன்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நீயும் என்னிடம் முகம்கூடக் காட்டாமல் பஸ் ஏறிவிட்டாய். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் என்னவாம்? எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை.

அதற்குப் பிறகு விமானம் மறுபடி பறந்ததில்தான் பொடி மண்டிக்கிடப்பது தெரிந்தது. உன் பெரிய சார் வனமாமலை வீடு தேடி வந்திருந்தார். கோபத்தில் அவசரப்பட்டுவிட்டாராம். "மறக்காத ஆளே கிடையாதும்மா. மறந்தேன்னு நாலு பேர் முன்னாடி சொல்ற ஆள்தான் எனக்கு வேணும். எப்படியாவது வரச் சொல்லுங்க" என்றார். காபி கொடுத்தேன், உனக்காக இரண்டு வார்த்தை திட்டவும் செய்தேன். வாங்கிக்கொண்டார்.

நன்றி என்று சொன்னால் எனக்கே போதவில்லை, சுகப்பிரியா. நீ எங்களுக்குச் செய்ததை உடன்பிறந்தவள்கூடச் செய்யமாட்டாள். மாடி அறையை யாருக்கும் விடவில்லை. ஒரு தடவை வா. என் மகள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைக் கேள். கேட்ட பிறகும் அந்தக் கையால் கருவியைத் தொடமாட்டேன் என்றால், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும்.

உன் அக்கா,
லூர்தம்மாள்