ஆறெழுத்து, கடைசியில் ஏ

மார்ச் 3, செவ்வாய்

காய் நறுக்கிக்கொண்டே பாராயணம். இன்றைய பாடம், ஆறெழுத்து ஆங்கில வார்த்தை, கடைசி எழுத்து ஏ. நான் ஒன்று சொன்னால் அவர் அடுத்தது. அஜெண்டா, அல்பாக்கா, அங்கோரா, அடாக்ஸியா, பனானா... நடுவில் திக்கினால் தோல்வி. அர்த்தம் மட்டும் கேட்கவே கூடாது. கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம் அது. "அர்த்தம் தெரிஞ்சா பிரியம் வந்துடும். பிரியம் வந்தா வார்த்தையைத் தப்பான இடத்துல வைப்ப."

இதில் பாதி மிருகமா துணியா என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கள் வார்த்தை ஆட்டத்தில், பலகையில் எழுத்துக்கட்டையை அடுக்கத் தெரியும், போதும். அத்தை கூடத்திலிருந்து கத்தினார்: "ரெண்டு பேரும் என்ன முணுமுணுக்கிறீங்க? சண்டையா?"

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் ஆட்ட மன்றத்தில் இறுதி ஆட்டம். நானும் அவரும்தான். மே மாதம் நடக்கும் பெரிய போட்டியில் இருவருக்குமே இடம் உண்டு. முதலிடம் யாருக்கு என்பதே மிச்சம். இத்தனை வருஷத்தில் நான் அவரை ஜெயித்ததே இல்லை.

அடுத்த கட்டைகளை எடுக்க, எழுத்துக்கட்டைப் பைக்குள் கையை விட்டார். எடுக்கவே இல்லை. துழாவுகிறார், துழாவுகிறார். எழுத்து குழியாகப் பதிந்த கட்டைகள். விரலால் தடவினால் எது என்ன என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கள் ஆட்டத்தில் இதைவிடக் கேவலமான திருட்டு கிடையாது. அடுத்த முறையும் அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன்.

புருஷன் மேல் புகார். மன்றமே திரும்பிப் பார்த்தது. நடுவர் ஆட்டத்தை எனக்குத் தந்தார். இவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கை வரல."

கை வரலையாம். ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற மனுஷன்!

மார்ச் 9

பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

இவர் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளி போன் செய்தார். "கண்ணாடிக்கு ஸ்குரு மாட்ட முடியலம்மா அவரால. கொஞ்ச மாசமாவே இப்படித்தான். நேத்து படியில தடுமாறினாரு. குடிக்கிறாரோன்னு கடைப் பசங்க பேசிக்கிறாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. நான் கேட்டேனா?

காபி டம்ளரை ஏன் இரண்டு கையாலும் பிடிக்கிறார் என்று கேட்டேனா? சட்டைப் பொத்தானை அத்தை போட்டுவிட்டதைப் பார்த்துவிட்டு, "சின்னக் குழந்தையா நீங்க?" என்று கிண்டல்தானே செய்தேன். பாவி நான்.

மார்ச் 26, வியாழன்

டாக்டர் அவரை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். விரல் கன்னத்தில் போய் முட்டியது. ஸ்கேன் படங்களைப் புரட்டிவிட்டு, "இது அடாக்ஸியா" என்றார்.

என் வாய் தன்பாட்டில், "பனானா" என்றது.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவர் சிரித்தார். அடக்கமாட்டாமல், கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன், பிறகு அது அழுகையாகிவிட்டது. டாக்டர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முதல் தடவையாக அகராதியில் அர்த்தம் பார்த்தேன். கை கால் மூளை சொன்னபடி கேட்காது. போகப் போக நாக்கும் கேட்காமல் போகலாம் என்று டாக்டரே சொன்னார். குணமாக மருந்து இல்லை. எத்தனை ஆட்டத்தில் அந்த வார்த்தையை வைத்து ஜெயித்திருப்போம், எக்ஸுக்கு நல்ல புள்ளி கிடைக்கிறது என்று!

ஏப்ரல் 5, ஞாயிறு

மன்றத்தில் எல்லோர் முன்பும் எழுந்து நின்று சொன்னேன். அவர் கட்டையைத் தடவிப் பார்க்கவில்லை, அவர் கையில் வியாதி, என் புத்தியில்தான் கோளாறு. முதலிடத்தை அவருக்கே எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

வீட்டில் ஆர்ப்பாட்டம். "யார் உன்னைச் சொல்லச் சொன்னது? நான் போட்டிக்கு வரல. நீ போ."

"நான் தனியா போய் என்னத்தைக் கிழிக்க?"

ஏப்ரல் 16

பெரிய போட்டி நடத்துகிறவர்களைக் கேட்டேன். உதவிக்கு ஒருவர் உட்காரலாமாம். ஆடுகிறவர் வார்த்தையையும் இடத்தையும் சொல்ல வேண்டும், உதவுகிறவர் கட்டையை எடுத்து வைக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, கண்ஜாடை கூடாது. முக்கியமாக, உதவுகிறவரும் போட்டியாளராக இருக்கக் கூடாது.

என் பெயரை எடுத்துவிட்டேன். தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். "இது நீ ஜெயிக்க வேண்டிய வருஷம்டி." அதற்குப் பிறகு வீட்டில் அவருக்குப் பேச்சே குறைந்துபோனது. கேட்டால் ஊம், இல்லை, அவ்வளவுதான். கோபம் தீரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 9, சனி

வரமாட்டேன் என்றவர் கடைசியில் பெரிய போட்டிக்குக் கிளம்பிவிட்டார். மூன்று சுற்று முடிந்தது. இரண்டில் வெற்றி. மூன்றாவதில்தான் வயிறு எரிந்தது. பலகையில் ஓர் எல். எங்கள் தட்டில் ஏழு கட்டை. குறுக்கே வைத்தால் கிரிஸ்டல்ஸ். ஏழும் ஒரே வீச்சில் இறங்கும், அதற்கே ஐம்பது புள்ளி கூடுதல், ஆட்டம் எங்களுக்குத்தான். எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கார்ட்" என்றார்.

கார்ட்! நாலே எழுத்து. வைத்தேன். தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார். "பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்."

"பின்ன ஏங்க சொல்லல?"

 "அது வாயில வரல. எழுத்து எழுத்தா சொல்லலாம்னா கடிகாரம் ஓடுது. எதிர்ல ஆடுற ஆளு என்ன, என்னன்னு கேப்பான்... சின்னதாவே சொல்லிடலாம்னு..." நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சில எழுத்து வழுக்கிக்கொண்டு போனது.

 இத்தனை நாள் ஊம், இல்லை என்று முடித்துக்கொண்டது கோபத்தில் இல்லையா? என் மேல் கோபம் என்றுதானே நினைத்தேன்?

"குழறினாலும் பெரிசையே சொல்லுங்க. யாருக்குப் புரியலைன்னாலும் எனக்குப் புரியும்" என்றேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். 

நாளைக்கு நாலாவது சுற்று. எங்கள் நிறுத்தம் வரும்வரை, கிரிஸ்டல்ஸ், கிரிஸ்டல்ஸ் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.