எட்டாம் மைலுக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 9

கார் காப்பீட்டுக்குப் புதுக் கட்டணம் சொல்லியிருக்கிறார்கள். மாதச் சம்பளத்தில் கால்வாசியை விழுங்கிவிடும். இத்தனை வருடத்தில் யார் வண்டியிலும் ஒரு கீறல் போட்டதில்லை நான். அதைக் கேட்க நாதியில்லை. நான் டெட்ராய்ட்காரி, அது போதும் அவர்களுக்கு. ஊர் எல்லையான எட்டாம் மைல் சாலையைத் தாண்டி வடக்கே குடியிருந்தால் இதே காருக்குப் பாதிதான். ரோட்டைத் தாண்டியதும் எனக்கு நன்றாக ஓட்ட வந்துவிடுமா என்ன?

அந்தப் பக்கம் இருக்கும் தம்பி வெர்னலிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். சிரிக்கிறான். "என் அட்ரஸப் போடுக்கா. நம்ம சர்ச்சுல பாதிப் பேரு இங்கதான் குடியிருக்காங்க, கம்பெனிக்காரன் கணக்குல. பாஸ்டரோட வண்டியே அவரு மச்சான் வீட்லதான் தூங்குது!"

ஜனவரி 10

போட்டுவிட்டேன்.

மார்ச் 22

காலையில் வெளியே வந்தால் மேப்பிள் மரத்தடி வெறுமையாக இருக்கிறது. பனியில் கண்ணாடித் தூள். வண்டி திருட்டுப் போய்விட்டது.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் வெர்னல் ஊரில். அங்கே பஸ் போகாது. வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் — வேண்டாம், இன்றைக்கு அதை எழுத வேண்டாம். காப்பீடு இருக்கிறதே. அதற்குத்தானே கட்டினேன்.

மார்ச் 30

இல்லத்தில் கூட வேலை செய்யும் யொலாண்டா தயவில் போய் வருகிறேன். சாயங்காலம் வந்து இறங்கியதும் பக்கத்து வீட்டு மிஸ்டர் க்ளைட் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ரொசெட்டா! கம்பெனிலேருந்து ஒருத்தன் வந்து உன்னப் பத்தி விசாரிச்சாம்மா. நான் விடுவேனா? தங்கமான பொண்ணு, புருஷன் போனப்பறமும் இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளில தங்கினதில்ல, வண்டி தினமும் இந்த மரத்தடியிலதான் நிக்கும்னு அடிச்சுச் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டுப் போயிருக்கான். உன் பணம் எங்கயும் போகாது!"

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நன்றி சொன்னேன்.

ஏப்ரல் 11

வண்டி நிற்கும் இடத்தைப் பொய்யாகச் சொன்னேனாம். ஒரு காசு தர மாட்டார்களாம். காப்பீடும் ரத்து.

பொய்தான். ஆனால் இந்தத் தெருவில் இருப்பதற்காக என்னிடம் கேட்டார்களே ஒரு தொகை, அது மட்டும் நியாயமா? யாரிடம் போய்க் கேட்க? என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். எல்லாம் போச்சு.

ஏப்ரல் 12

அழுதேன்.

மே 4

யொலாண்டாவை இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வாரம் இரண்டு முறை தாமதமாகப் போனேன். "உங்கள விட்டா எனக்கும் கஷ்டம்தான், ரொசெட்டா. ஆனா இன்னொரு தடவை ஆச்சுன்னா…" என்று மேனேஜர் இழுத்தாள்.

பழைய வண்டி ஒன்று வாங்கிவிடலாம். ஆனால் பொய் சொல்லி மாட்டியவள் என்று ஆனபிறகு, இந்த விலாசத்துக்குக் காப்பீடு கேட்டால் வண்டி விலையை விட அதிகம் சொல்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். என் புருஷன் ஹாரிஸ் உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அவர் தன் கையால் போட்ட சமையலறைத் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 17

வெர்னல் வீட்டு அடித்தள அறையில் இருக்கிறேன். இங்கிருந்து இல்லத்துக்கு நடந்தே போகிறேன்.

"பாத்தியாக்கா, இப்ப நீ நெசமாவே இந்த அட்ரஸ்காரி" என்றான். சிரிக்கவைக்கப் பார்க்கிறான், பாவம். சிரித்து வைத்தேன்.

சாப்பிட்ட பிறகு மிஸ்டர் க்ளைட் போன் செய்தார். "மரத்தடியில ஒரு நாற்காலியப் போட்டு வெச்சிருக்கேம்மா. எவனையும் வண்டி நிறுத்த விடறதில்ல. நீ புது வண்டியோட வர்றப்ப இடம் வேணும்ல?"

வீட்டை விற்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நன்றி சொன்னேன்.