பதினான்காவது ராடு

திருச்செங்கோடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மோனிஷா எழுதிக்கொள்வது. நானும் பாப்பா தமிழினியும் அத்தையும் இங்கு சுகம். நீங்கள் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். கல்யாணமான பத்து வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் பார்த்தேன், வாய் வரவில்லை. உங்கள் புதுக் கம்பெனிக்குப் பைப் ஏற்றிக்கொண்டு மத்தியப் பிரதேசம் வரும் லாரியில் கண்ணுசாமி அண்ணன் வருகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. நீங்கள் போட்ட அந்த போர்வெல்லில் துளையிட இறக்கிய இருபத்தொன்பது ராடுக்கும் விவரம் அனுப்பியிருக்கிறீர்கள், ஒன்றுகூட விடவில்லை. பொய் சொன்னது நான்.

நீங்கள் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது, நம் இரண்டாவது போர் வண்டி அதற்குப் பக்கத்து விவசாயக் காட்டில் போர் போட்டு, மண் சரிந்து துளை போடும் ஹேமர் உள்ளே மாட்டிக்கொண்டதே, அன்றைக்கு முதலாளி வெங்கடாசலம் உங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் சரிகிற மண் என்று தெரிந்தும் ஏன் எழுதி அனுப்பவில்லை என்று கேட்டார். அனுப்பினேன் என்றீர்கள். முதலாளி, ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஷீட் எழுதும் என்னைப் பார்த்தார். ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை.

"அனுப்பியிருந்தா ஷீட்டுல வந்திருக்குமுங்க. ஆளு மறப்பாங்க, ஷீட்டு மறக்காதுங்க."

கட்டிய புருஷனை ஆறு பேர் முன்னால் இப்படிச் சொன்ன நாக்கு இது. நீங்கள் திரும்பிச் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "நான் அனுப்புனேன், அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனீர்கள். இரண்டாம் நாள் வேறு கம்பெனி வண்டி ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு எந்த வண்டியிலிருந்தும் ஷீட்டில் ஒரு வரி வரவில்லை. நான் துளை போடும் மற்ற ஐந்து டிரில்லர்களுக்கும் போன் போட்டுச் சத்தம் போட்டேன். ஐந்து பேரும் அனுப்பிவிட்டோம் என்று சொன்னார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்களா என்று அப்போதுதான் உறைத்தது. உறைக்க நான்கு நாள் ஆயிற்று. கம்ப்யூட்டர் சரிபார்க்கச் சேலத்திலிருந்து வரும் அர்ஃபாவைக் கூப்பிட்டேன்.

இதில் எத்தனை ஷீட் இருக்கிறது என்று கேட்டாள். ஒரு போருக்கு ஒரு ஷீட், முந்நூற்று எண்பது போர், முந்நூற்று எண்பது ஷீட் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்காமல் விளக்கினாள். ஆன்லைனில் இருக்கும் இந்த ஃபைல் ஒன்றில் ஒரு கோடி கட்டம்தான் கொள்ளுமாம். புது ஷீட் திறந்தால் தானாகவே ஆயிரம் வரிசை, இருபத்தாறு பத்தி வந்துவிடும். இருபத்தாறாயிரம் கட்டம். நான் எழுதுவது முப்பது நாற்பது வரி. மீதியெல்லாம் வெறும் கட்டம்தானே, அது எங்கே இடத்தை அடைக்கப்போகிறது என்றிருந்தேன். காலியாகக் கிடந்தாலும் சேர்த்துத்தான் எண்ணுமாம். பெருக்கிப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு லட்சத்து எண்பதாயிரம். மிச்ச இடத்தை நீங்களெல்லாம் போனிலிருந்து அனுப்பிய வரிகள் நிரப்பிவிட்டன. அதற்குப் பிறகு வந்தது எதுவும் ஃபைலில் ஏறவில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள், அது நான்தான்.

ஆனால் நீங்கள் போனில் நிரப்பி அனுப்பும் படிவம், அனுப்பியதையெல்லாம் தன்னிடமே தனியாக வைத்திருந்தது. அர்ஃபா அதைத் திறந்து காட்டினாள். காலை ஏழு பத்துக்கு முதல் ராடு. ஒரு ராடு இருபது அடி என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே திரையில் வரி வரியாகக் கீழே இறங்கினேன். பதினான்காவது ராடு, இருநூற்றெண்பது அடி. குறிப்பு எழுதும் இடத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: "மண்ணு சரியுது. பக்கத்துக் காட்டுக்கு வர்ற வண்டி கேசிங் பைப்பு ஆழமா உடோணும். மோனி, மறக்காம சொல்லிரு."

அழுதுவிட்டேன். ஃபைல் போய்விட்டதென்று அழுகிறேன் என நினைத்து அந்தப் பெண், எதுவும் அழியவில்லை, பழையதைத் தனி ஃபைலாகப் பிரித்துக்கொள்ளலாம், காலி வரிசைகளை நீக்கிவிட்டால் இடம் கிடைக்கும் என்று தேற்றினாள். நானும் தலையாட்டினேன்.

இதோடு நிறுத்திவிட்டால் தெரியாமல் செய்த தப்பு என்று நீங்களே விட்டுவிடுவீர்கள். மனசு கேட்கவில்லை. அந்த போருக்கு ஷீட் போடப் போனபோது திறக்கவில்லை, மாமா. மேலே இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்தது. தமிழினி பள்ளி ஆண்டு விழாவுக்கு நேரமாகிவிட்டது, நெட் சரியில்லை என்று நினைத்து அதை மூடிவிட்டு ஓடினேன். முதலாளி கேட்டபோது அது எனக்கு ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. சொன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களே என்று விழுங்கிக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்ற உங்கள் மானத்தைக் கொடுத்தேன்.

நேற்று முதலாளியிடம் கேட்டு அதே ஆறு பேரையும் வரச் சொன்னேன். இருபத்தொன்பது வரியையும் அச்செடுத்து நின்றபடியே படித்தேன். ஷீட் திறக்காததையும் சொன்னேன். முதலாளி கடைசியில், "கௌதமனுக்கு நானே போன் போடறேன்" என்றார். என் கடிதம் போய்ச் சேரும்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அத்தைக்கு முட்டி வலி தேவலை. விஷயத்தைச் சொன்னேன். நான் போடுகிற சோற்றைச் சாப்பிடுகிறார், முகத்தைப் பார்ப்பதில்லை. தமிழினிக்கு முன்பல் விழுந்து ஈ என்று காட்டித் திரிகிறாள். அங்கே வெயில் அதிகமென்று கண்ணுசாமி அண்ணன் சொன்னார். வண்டிப் புகையில் முகத்தைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பி வாருங்கள் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. எந்தக் கம்பெனியில் இருந்தாலும் உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று அர்த்தநாரீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். தினமும் சாயங்காலம் தமிழினியோடு பேசுகிறீர்கள். அவள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் மூச்சு விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னோடு பேச வேண்டாம். ஒரே ஒரு நாள் அவளிடம், அம்மா சாப்பிட்டாளா என்று மட்டும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள்
மோனி.