பாலிஷ் போட்ட காமராஜர் காசு

பல்லாவரம்,
20-12-2008

அன்பு மகள் ஷாயிஸ்தாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் இங்கே அல்லாஹ்வின் கிருபையால் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் துஆ. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் மாடிக்குத் துணி காயப்போட ஏறுவதை நிறுத்தவில்லை, நீ போனில் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். நாணயக் கண்காட்சியைப் பற்றி அன்று போனில் "பரிசு இல்லம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அக்தர் மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், வேறு என்ன சொல்ல முடியும்? அதனால்தான் இந்தக் கடிதம். செய்தி எழுதிப் பழகிய கை, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கண்காட்சிப் போட்டிக்கு வைக்க இருந்த உன் காசுச் சட்டத்தின் கண்ணாடியில் விரிசல் விட்டிருந்ததால் அதை மாற்றித் தரச் சொல்லி மாமாவிடம் கொடுத்திருந்தேன் அல்லவா. கடைக்காரர் சட்டத்தைத் திறந்ததும் உள்ளே காசுகள் மங்கலாக இருப்பதைப் பார்த்து மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. நேராக நாகல்கேணியில் உள்ள தன் ஷூ பட்டறைக்கு எடுத்துப்போய், தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் பஃபிங் மெஷினில் மெழுகு தடவி ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் சட்டத்தோடு வந்தவர், "அக்கா, கொயந்த காசெல்லாம் அய்க்கேறிப் போய்க் கீது, அதான் மெஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிக்கினு வந்தேன், மச்சான் இங்க பாரு, மூஞ்சி தெரியுது" என்று என்னிடம் நீட்டினார். தெரியத்தான் செய்தது. ரயில்வே இரண்டு ரூபாயில் விளக்குப் பிடித்து நிற்கும் யானை, தண்டி யாத்திரை ஐந்து ரூபாய், எல்லாம் பாத்திரக்கடைப் பளபளப்பு. காமராஜர் படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், மீசையின் கூர்மை போய்விட்டிருந்தது. சானடோரியம் ஸ்டேஷனில் டிக்கெட்டுக்கு மீதியாக வந்த அந்தக் காசை, பையில் போட்டால் கீறல் விழும் என்று விளிம்பைப் பிடித்தபடியே நீ வீடு வரை கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. அம்மா மாமாவுக்கு டீ போட எழுந்து போய்விட்டாள்.

மாமா போனதும் உனக்குப் போன் செய்து, சட்டத்தைப் போட்டியிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். போன வருடம் நூலிழையில் கைவிட்டுப் போன முதல் பரிசு, இந்த முறை உனக்குத்தான் என்று நாணயச் சங்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ, "எடுக்காதீங்க அத்தா, மாமா பட்டறை ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்க, அவங்க முன்னாடி சட்டம் இல்லேன்னா எப்படி இருக்கும்? வைங்க. கார்டை மட்டும் மாத்தி எழுதுங்க" என்றாய். நம் சங்கத்தில் காசு வைப்பவரே அதன் தரத்தைக் கீழே கார்டில் எழுத வேண்டும், நடுவர் வந்து அது சரியா என்று பார்ப்பார். காமராஜர் காசுக்கு நீ எழுதி வைத்திருந்த யு.என்.சி., அதாவது தேயாத புதுக்காசு என்பதை எடுத்துவிட்டு, நீ சொன்னபடியே "பாலிஷ் போடப்பட்டது, தரம் சொல்ல இயலாது" என்று எழுதினேன். மற்றவற்றுக்கும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி நடந்த தாம்பரம் மண்டபத்துக்கு மாமா பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில், பட்டறை ஆட்களோடு வந்துவிட்டார். கார்டுகளை அவர் படிக்கவே இல்லை. நடுவர் வேதசிரோமணி சார் லென்ஸோடு குனிந்ததும், "சார், ஷைனிங் எப்டி கீது, நம்ம கைவேல" என்று சொல்லிவிட்டார். நடுவர் கார்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், "வேலை சுத்தமா இருக்கு பாய். ஆனா அச்சடிக்கும்போது காசு மேல ஒரு மினுக்கு வரும், அது போனா திரும்ப வராது" என்றார். மாமாவின் முகம் மாறியது. "தோல்ல கிரெய்ன்னு சொல்லுவோம் சார், மேல்பரப்பு, சீவிட்டா அவ்ளோதான். அப்ப நான் கொயந்த காசுல கிரெய்னையே சீவிட்டேனா?" என்று கேட்டார். கார்டு யார் எழுதியது என்று வேதசிரோமணி சார் என்னைக் கேட்டார். கை என்னுடையது, வார்த்தை மகளுடையது என்றேன். "இந்த மண்டபத்துல கழுவின காசு நிறைய இருக்கு அயூப், கழுவினேன்னு எழுதினது இது ஒண்ணுதான்" என்று சொல்லி, கார்டின் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரிசு வேறொருவருக்குப் போனது. எத்தனையோ பரிசளிப்பு விழாக்களுக்குக் குறிப்பேடும் கையுமாகப் போயிருக்கிறேன், பரிசு வாங்காமல் இவ்வளவு நிமிர்ந்து வெளியே வந்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை, உனக்கு வேறொரு காமராஜர் காசு தேடி அலைந்தார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் காமராஜர் காசு விலைக்குக் கிடைத்தது, ஆனால் உன் சட்டத்தில் புழக்கத்தில் கைக்கு வந்த காசுதான் இருக்க வேண்டும் என்று வாங்க மறுத்துவிட்டார். சில்லறைக்காக டீயாகக் குடித்துத் தள்ள, டீக்கடை குப்பன், "இன்னா பாய், டீக்கடைய வெலைக்கு வாங்கப் போறியா?" என்று கேட்டானாம். நேற்று மதியம் யாரோ கதவை இடிக்கும் சத்தம். திறந்தால் மாமா, முழங்கையால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் மீன் பை, மற்றதில் காமராஜர் காசு, விளிம்பைப் பிடித்தபடி. குன்றத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்தாராம். காசைத் துடைக்க அம்மா ஓடிப்போய்த் துணி எடுத்துவர, "அக்கா, தொடாத!" என்று போட்ட அதட்டல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

உனக்கு இரண்டு கார்டுகள் இதில் வைத்திருக்கிறேன். ஒன்று வேதசிரோமணி சார் கையெழுத்துப் போட்டது. இன்னொன்று மாமா, என் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்து, தானே எழுதியது. "கீறல் ரெண்டு. தரம் சுமார். தொடைக்கவில்லை." நானும் பார்த்தேன், அதில் மாற்ற ஒன்றுமில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஏ.சி. அறையில் தலையில் ஈரத்தோடு உட்காராதே, மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம் சொல். லீவில் வரும்போது மாமாவுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கி வா, என்னுடையது பட்டறைக்குப் போய்விட்டது. அல்லாஹ் உன்னை எல்லா நலனோடும் வைத்திருக்கட்டும்.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கும்
அத்தா,
அயூப்