நான் சொன்ன கடற்கரை

காலையில் மகன் வண்ண வண்ணமான விளம்பரத் தாள்களை மேசையில் பரப்பினான். எல்லாம் கடற்கரைப் படங்கள். லங்காவித் தீவா, பங்கோர்த் தீவா என்று பேரப்பிள்ளைகளுக்குள் ஒரே சண்டை. "நீங்க சொல்லுங்கம்மா, எங்க போவோம்?" என்றான். எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் நீங்கள்தானே.

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த ஆண்டின் கடைசி. நமக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள். காஜா பேராங் பகுதியில் வாடகை வீடு. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலையில் உங்களுக்கு முதன்முறையாக ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருந்தது. "கடல் பக்கம் போய்த் தங்கிட்டு வருவோம். எங்க போகலாம், சொல்லு" என்றீர்கள்.

"உங்க இஷ்டம்" என்றேன். ரப்பர் தோட்டத்தில் அப்பா சொன்னதைச் செய்தே வளர்ந்தவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

"என் இஷ்டம் குவாந்தான் கடற்கரை. நான் கேட்டது உன் இஷ்டத்த" என்று விடாமல் நின்றீர்கள்.

பக்கத்து வீட்டுச் செட்டி அக்காவிடம் போனேன். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம் அவர்கள்; அவருக்குத் தமிழ் வராது, மலாயில்தான் பேசிக்கொள்வோம். குவாந்தான் என்றதும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "ஓம்பாக் பெசார்!" என்றார். இந்த மாதத்தில் கிழக்குக் கரையில் பெரிய அலை, அடைமழை. மேற்குக் கரையில் இருக்கும் போர்ட்டிக்சனில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும் என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "குவாந்தான் வேண்டாங்க. போர்ட்டிக்சன் போவோம்" என்றேன். உங்களிடம் நான் சொன்ன முதல் 'வேண்டாம்'. ஊற்றிய ரசம் தட்டைத் தாண்டி ஓடியது. நீங்கள் துணியை எடுத்து அதைத் துடைத்தீர்கள். பிறகு, "சரி, போர்ட்டிக்சன்தான்" என்றீர்கள்.

போய் இறங்கினால் அங்கேயும் மழை! கடலே தெரியவில்லை. விடுதிக் கூரை வேறு ஒழுகியது. மறுநாளும் அப்படியே. நான் அழுதுவிட்டேன். "என் பேச்சக் கேட்டு லீவெல்லாம் வீணாப் போச்சு."

ஒழுகிய இடத்தில் வாளியை நகர்த்தி வைத்துவிட்டு அருகில் வந்து உட்கார்ந்தீர்கள். "நீ எடத்தத்தான சொன்ன, மழையவா கூப்பிட்ட?" என்று சிரித்தீர்கள். அன்று பொழுதெல்லாம் பேசிக்கொண்டே இருந்தோம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசியதில்லை.

அடுத்த நாள் வெயில் வந்தது. முழங்கால் அளவு நீரில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்குக் குவாந்தான்?"

"ஆபீஸ்ல எல்லாரும் நல்லா இருக்கும்னாங்க."

நான் சிரித்த சிரிப்பில் கால் தடுமாறி, உங்களையும் இழுத்துக்கொண்டு தண்ணீரில் விழுந்தேன்.

அதற்குப் பிறகு வீடு வாங்கியபோதும், மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பியபோதும் என்னைக் கேட்டுத்தான் செய்தீர்கள். நான் சொன்னவற்றில் சில சரியாக வந்தன, சில வரவில்லை. 'நீ சொல்லித்தானே' என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. நீங்கள் போன பிறகு எல்லா முடிவையும் நானேதான் எடுக்கிறேன். தப்பாகிவிடுமோ என்று பயந்து ஒருமுறைகூட வாயை மூடிக்கொண்டதில்லை.