நடுக்கடலில் நிற்கும் மாப்பிள்ளையை வெள்ளிக்கிழமைக்குள் இறக்கித் தரக் கோருவது

அனுப்புநர்:
சேக் பரீது,
ஜவுளி வியாபாரி, காரைக்கால்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: கிளிஞ்சல்மேடு கப்பல் பயிற்சிப் பள்ளியிலிருந்து என் வருங்கால மருமகனையும் என்னையும் கரையிறக்குவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பள்ளியின் தலைவர் திரு. எமில் பிரெஞ்சுக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கீழே பாடம் சொல்பவர்களும் பழைய கப்பல்காரர்களே. எல்லோரும் நல்ல மனிதர்கள். ஆனால் தாங்கள் கரைக்கு வந்துவிட்டதை அவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

2. திங்கட்கிழமை காலை, வாசலில் ஏறி இறங்கப் போட்ட பலகையை உள்ளே இழுத்துவிட்டால் கப்பல் புறப்பட்டதாகக் கணக்கு. சனிக்கிழமை மாலை வரை பள்ளியைச் சுற்றியுள்ள மணலெல்லாம் கடல். யாரும் இறங்கக் கூடாது.

3. அங்கே பயிலும் தாவூதுக்கும் என் மகள் ஜன்னத்துல் பிர்தௌஸுக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். நாளைத் தள்ளிப்போட வழியில்லை. இதற்கென்றே பினாங்கிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் பெரிய வாப்பா சனிக்கிழமை காலை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார். அது தண்ணீரில் ஓடும் கப்பல், யாருக்காகவும் நிற்காது.

4. நேற்று வெளிவாசலில் நின்று மாப்பிள்ளைக்கு விடுப்புக் கேட்டேன். கப்பல் திருகோணமலையை நெருங்கிவிட்டதாகவும், நடுக்கடலில் ஆளை இறக்கிவிடும் வழக்கம் தமக்கில்லை என்றும் திரு. எமில் மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்தார். மொட்டைமாடியில் காவல் நின்ற தாவூது எனக்கு சலாம் சொன்னாரே தவிர, இறங்கி வரவில்லை. சொன்ன சொல் கேட்கும் மருமகன் வாய்ப்பதில் எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை நிக்காஹ் முடிந்து பட்டிருக்கலாம்.

5. பொறுமையிழந்து பின்சுவர் ஏறி உள்ளே மணலில் குதித்தேன். உடனே மணி அடித்தது. கடலில் ஆள் விழுந்துவிட்டதாகக் கூவினார்கள். தக்கை வளையம் ஒன்று பறந்து வந்து என் தலையில் விழுந்தது. கயிறு கட்டி மாடிக்கு இழுத்தார்கள். இழுத்தவர்களில் தாவூதும் ஒருவர். கடலிலிருந்து காப்பாற்றப்பட்டவன் என்பதால் என்னையும் சனிக்கிழமைதான் இறக்குவார்களாம். சாப்பாட்டில் குறையில்லை. ஆனால், ஐயா, ஆடாத தரையில் எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. முதல் பயணத்தில் அப்படித்தான் இருக்கும் என்று ஆசிரியர்கள் தேற்றினார்கள்.

6. காய்கறி வண்டி நூகு ஒருவர்தான் இங்கே வந்து போகலாம். அவர் வண்டி படகாம். அவரிடம் என் மகள் சொல்லியனுப்பினாள்: "அவங்க படிக்கப் போனாங்க, கப்பல்ல இருக்காங்க. வாப்பா எதுக்குப் போனாங்க?" தாயில்லாத பெண், ஐயா. மாப்பிள்ளையும் வாப்பாவும் இல்லாத பந்தலை அவள் பார்க்க நேர்ந்தால் என் மனம் தாங்காது.

அரசாங்க முத்திரையுடன் கடிதம் வந்தால் கப்பலைத் திருப்பத் தயார் என்கிறார் திரு. எமில். ஆகவே, இக்கப்பல் வெள்ளிக்கிழமை காலை காரைக்காலில் நங்கூரமிட வேண்டும் என்று ஒரு வரி உத்தரவை நூகு வசம் கொடுத்தனுப்ப மன்றாடுகிறேன். கப்பலில் உள்ள அனைவருக்கும் நிக்காஹ் விருந்து உண்டு.

தாங்கள் நேரில் வருவதானால் வெளிவாசலில் நின்றே குரல் கொடுக்கவும். தயவுசெய்து சுவர் ஏற வேண்டாம்.

தங்கள் உத்தரவுக்காகக் கரையைப் பார்த்தபடி நிற்கும்,
சேக் பரீது

நாள்: 13-2-1957
இடம்: திருகோணமலைக்குக் கிழக்கே (கிளிஞ்சல்மேடு)